வெள்ளாறு கலங்கினால் கடல் பசுவுக்குப் பட்டினி

புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசு பாதுகாக்கும் இயற்கைப் பகுதி எது என்று கேட்டால், பலர் விராலிமலை மயில்களைச் சொல்வார்கள். சிலர் நார்த்தாமலைக் காட்டைச் சொல்வார்கள். கடற்கரை ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் கடலைச் சொல்வதில்லை. ஆனால் சட்டப்படி அறிவிக்கப்பட்ட ஒரு பெரிய பாதுகாப்பகம் நம் மாவட்டத்தில் கடலுக்குள்தான் இருக்கிறது.

2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் கடல் பசு பாதுகாப்பகத்தை அறிவித்தது. கடல் பசுவுக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம் இது. தஞ்சாவூர் மாவட்டத்தின் அதிராம்பட்டினத்தில் தொடங்கி, நம் மாவட்டத்தின் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடல் இதற்குள் வருகிறது. கட்டுமாவடி, மணமேல்குடி பக்கத்து மீனவர்கள் தினமும் வலை போடும் தண்ணீர்தான். மீன்பிடிக்கத் தடை எதுவும் போடாமல்தான் இதை அறிவித்திருக்கிறார்கள்.

சரி, கடலைப் பாதுகாப்பதற்கும், அன்னவாசலிலோ ஆலங்குடியிலோ உட்கார்ந்து இந்த இதழைச் செல்போனில் படிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் ஆற்றில் இருக்கிறது. பாதுகாப்பகத்துக்கு எல்லைக்கோடு போடலாம். ஆனால் அதற்குள் வந்து சேரும் தண்ணீருக்கு எல்லைக்கோடு கிடையாது.

எந்தத் தண்ணீர் அங்கே போகிறது?

முதலில் தெற்கு வெள்ளாறு. ஒரு காலத்தில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லை என்று பேசப்பட்ட ஆறு. திருச்சி மாவட்டப் பக்கத்துக் குன்றுகளில் கிளம்பி, புதுக்கோட்டைக்குப் பக்கமாக வந்து, மணமேல்குடி அருகே கடலில் சேர்கிறது. அக்னியாறும் நம் மாவட்டத்து ஆறுதான். அது தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் நுழைந்து கடலுக்குப் போகிறது. அம்புலியாறு போன்ற சின்ன ஆறுகளும் இருக்கின்றன. இவை போக, கல்லணைக் கால்வாயின் கடைமடை அறந்தாங்கி, நாகுடி வட்டாரத்தில்தான் முடிகிறது. அதாவது காவிரித் தண்ணீரின் வடிகாலும் இந்தப் பக்கம்தான்.

இவை எல்லாமே வருடம் முழுக்க ஓடும் ஆறுகள் இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி, கார்த்திகையில், சில நாட்கள் ஓடும். மீதி நாட்களில் மணலும் கருவேலமுமாகக் கிடக்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆற்றின் தரத்தை அளப்பது காவிரியையோ தாமிரபரணியையோ அளப்பது போல இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

ஓடாத நாட்களில் ஆற்றுக்குள் என்ன சேர்கிறது என்று பாருங்கள். ஊர்ச் சாக்கடை ஒரு இடத்தில் வந்து தேங்குகிறது. கோழிக்கடைக் கழிவைச் சாக்கில் கட்டி இரவில் பாலத்தின் மேலிருந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். வயலுக்குப் போட்ட உரத்தின் மிச்சம் வாய்க்கால் மண்ணில் ஊறிக் கிடக்கிறது. கரையை வெட்டிய இடத்தில் புழுதி மண் இளகி நிற்கிறது. எட்டு, ஒன்பது மாதம் சேர்ந்த இதெல்லாம், முதல் பெருமழையில் வரும் புதுவெள்ளத்தில் ஒரே நாளில் கிளம்புகிறது. வெள்ளம் வடியும்போது பார்த்தால் ஆறு சுத்தமாகத்தான் தெரியும். ஏனென்றால் அழுக்கு அதற்குள் கடலுக்குப் போயிருக்கும்.

கடலுக்குள் ஒரு புல்வெளி

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். சராசரி ஆழம் 10 மீட்டரைக்கூடத் தொடாது. அதனால் வெயில் அடிமட்டம் வரை இறங்குகிறது. அங்கே புல் முளைக்கிறது. மீனவர்கள் கடல் தாழை என்று சொல்லும் கடல் புல். இது பாசி இல்லை. வேர், இலை, பூ எல்லாம் உள்ள உண்மையான தாவரம். பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்ட பகுதியில் மட்டும் 12,250 ஹெக்டேருக்கு மேல் கடல் புல்வெளி இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கடல் பசு, நம் கடற்கரையில் ஆவுளியா, முழுக்க முழுக்கப் புல் தின்று வாழும் பாலூட்டி. ஒரு நாளைக்கு 40 கிலோ வரை கடல் புல் தின்னும். இந்தியக் கடலில் மொத்தமே சுமார் 240 கடல் பசுக்கள்தான் இருக்கும் என்பது பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட மதிப்பீடு. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கடலில்தான். ஒரு பெண் கடல் பசு மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதுவும் ஒரே ஒரு கன்றுதான் ஈனும். ஒன்று போனால் அந்த இடம் நிரம்ப நாளாகும்.

கடல் பசு வேண்டாம், மனிதர்களைப் பற்றிப் பேசுங்கள் என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்வது இதே புல்லுக்குள். நம் கடற்கரை ஊர்களில் நீல நண்டு பிடித்துப் பிழைக்கும் சிறு படகுக்காரர்கள், கரையில் நண்டுச் சதை எடுக்கும் வேலைக்குப் போகும் பெண்கள், எல்லோருடைய கூலியும் அந்தப் புல்வெளியோடு கட்டப்பட்டிருக்கிறது. புல் அழிந்த கடலில் வலையும் காலியாகத்தான் வரும்.

அந்தப் புல்லுக்கு மிக முக்கியமான எதிரி என்ன தெரியுமா? விஷம்கூட இல்லை. கலங்கல்.

கடல் புல் உயிரோடு இருக்க, கடல் மட்டத்தில் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காவது அடிமட்டத்துக்கு வர வேண்டும். சேற்றுத் தண்ணீர் மேலே திரை போட்டால் வெளிச்சம் நின்றுவிடும். சில நாட்கள் தாங்கும், வாரக்கணக்கில் தாங்காது. கூடவே உரத்தின் தழைச்சத்தும் மணிச்சத்தும் வந்தால், புல்லின் இலை மேல் பாசி படர்ந்து மிச்ச வெளிச்சத்தையும் மறைத்துவிடும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை, நடந்த கதை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஹெர்வி விரிகுடா என்று ஒரு இடம். அங்கேயும் கடல் பசு, அங்கேயும் ஆழம் குறைந்த புல்வெளி. 1992-ல் அடுத்தடுத்து இரண்டு ஆற்று வெள்ளமும் ஒரு புயலும் வந்தன. ஆறு கொண்டுவந்த சேறு கடலை மூடியது. சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் கடல் புல் அழிந்தது. நம் பாதுகாப்பகத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அடுத்து வந்த மாதங்களில் கடல் பசுக்கள் பட்டினியால் செத்துக் கரை ஒதுங்கின. தெம்பிருந்தவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போயின. அங்கே யாரும் கடல் பசுவை வேட்டையாடவில்லை, கடலில் எதையும் கொட்டவில்லை. கரையிலிருந்து தொலைவில், மேட்டு நிலத்தில் பெய்த மழையும் அங்கிருந்து கரைந்த மண்ணும் போதுமாக இருந்தன.

அரசு எப்படி அளக்கிறது?

ஆற்றுத் தண்ணீரைச் சோதிப்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தேசிய நீர்த்தரக் கண்காணிப்புத் திட்டத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் அதைச் செய்வது 1982-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குறிப்பிட்ட இடங்களில் மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். கடல் நீரை மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் பார்க்கிறது.

மாதிரி எடுப்பது பார்க்க எளிது, செய்யக் கஷ்டம். பாட்டிலை முக்கித் தூக்கினால் போதாது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க வேண்டுமானால், காற்றுக்குமிழி உள்ளே போகாமல் நிரப்பி, அந்த இடத்திலேயே மருந்து ஊற்றி ஆக்சிஜனை நிலைப்படுத்த வேண்டும். கிருமி பார்க்கும் பாட்டில் சுத்திகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்; ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் ஆய்வகத்துக்குப் போய்விட வேண்டும். பி.ஓ.டி. என்கிறார்களே, அது தண்ணீரில் உள்ள கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கின்றன என்ற கணக்கு. அதை அறிய மாதிரியை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் அடைகாக்க வேண்டும். கோழி முட்டை மாதிரிதான்! ஆகவே "காலையில் சொன்னேன், சாயந்திரம் ரிசல்ட் வரவில்லை" என்று கோபப்படாதீர்கள்.

முடிவு வந்த பிறகு தண்ணீரை ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். ஏ என்றால் கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கலாம். பி குளிக்க. சி முழுச் சுத்திகரிப்புக்குப் பிறகு குடிக்க. டி மீனும் காட்டுயிரும் வாழ. இ விவசாயத்துக்கும் ஆலைகளைக் குளிர்விக்கவும். குளிக்கிற தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும், பி.ஓ.டி. 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மீன் வாழும் டி வகைக்கு ஆக்சிஜன் 4 மில்லிகிராம் போதும், அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோல்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. ஏ முதல் இ வரை எந்த வகையிலும் கலங்கல் ஒரு அளவுகோலாக இல்லை. கிருமி உண்டு, ஆக்சிஜன் உண்டு, உப்புத்தன்மை உண்டு. சேறு இல்லை. கடலுக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. அதில் சுற்றுச்சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதிகள் முதல் வகையில் வருகின்றன. ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. அங்கேயும் மிதக்கும் மண்ணைப் பற்றிச் சொல்லும்போது, சாக்கடையிலிருந்தோ ஆலையிலிருந்தோ வந்தது இருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. வெட்டிய கரையிலிருந்து வெள்ளத்தில் வந்த மண் அந்தக் கணக்கில் வராது.

மனிதன் குடிப்பதையும் குளிப்பதையும் வைத்து உருவான அளவுகோல் அது; குறை சொல்ல முடியாது. ஆனால் கடல் புல்லின் பக்கம் நின்று பார்த்தால், வகைப்பிரிவில் நல்ல எழுத்து வாங்கிய ஆறும் புல்லைக் கொல்ல முடியும். ஆகவே நீர்த்தர அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் வகை எழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கலங்கல் என்ற கட்டத்தையும் தேடுங்கள். என்.டி.யு. என்ற அலகில் இருக்கும். குடிநீருக்கு 1 என்.டி.யு. நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. வெள்ள நாள் ஆற்றுத் தண்ணீர் இதைவிடப் பல மடங்கு காட்டும். எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். தை மாதத் தெளிந்த தண்ணீரில் எடுத்த மாதிரி, ஐப்பசிப் புதுவெள்ளத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

உங்கள் செல்போன் எங்கே உதவும்?

இங்கேதான். ஓடாத ஆற்றில் அதிகாரிகள் வருடம் முழுக்க நின்றுகொண்டிருக்க முடியாது. புதுவெள்ளம் எந்த நாள், எந்த மணிக்கு வரும் என்று நாள்காட்டியில் போட்டு வைக்கவும் முடியாது. ஆனால் வெள்ளம் வரும்போது கரையில் யாரோ ஒருவர் இருப்பார். பால் ஊற்றப் போகிறவர், வயலுக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவர் கையில் செல்போன் இருக்கும்.

படம் எடுக்கும் முன் கேமரா அமைப்பில் இருப்பிடத்தை, அதாவது லொகேஷனை, ஆன் செய்யுங்கள். அப்போதுதான் எந்த இடம், எந்த நேரம் என்பது படத்துக்குள்ளேயே பதிவாகும். பாலம், மதகு, மைல்கல் என ஏதாவது ஒரு அடையாளம் படத்தில் தெரியட்டும். முக்கியமான விஷயம்: அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதில் பதிவான இடமும் நேரமும் அழிந்துவிடும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் அப்படியே போகும். மூல படத்தைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். நாலு குரூப் சுற்றி வந்த படத்தை வைத்து எந்த அதிகாரியும் நடவடிக்கை எடுக்க முடியாது. அது போன வருஷத்துப் படமாகவும் இருக்கலாம், வேறு மாவட்டத்துப் படமாகவும் இருக்கலாம்.

எதைப் பார்ப்பது? வழக்கத்துக்கு மாறான நிறம். கலையாமல் நிற்கும் நுரை. அழுகிய முட்டை வாடை. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றால், தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பகலில் செடிகள் ஆக்சிஜனை விடும், இரவில் அவையும் அதை எடுத்துக்கொள்ளும். அதனால் சூரியன் வரும் முன்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மீன் செத்து மிதந்த செய்திகள் பெரும்பாலும் காலையில் வருவதற்குக் காரணம் இதுதான்.

கலங்கலை அளக்க ஒரு எளிய வழி உண்டு. 1865-ல் இத்தாலியில் ஆஞ்செலோ செக்கி என்ற பாதிரியார், அவர் வானியல் அறிஞரும்கூட, ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார். அதுதான் அன்றைய தெளிவின் அளவு. இன்றும் உலகம் முழுக்க விஞ்ஞானிகள் இதைச் செய்கிறார்கள். உங்கள் ஊர் கண்மாய்ப் படித்துறையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி, கொஞ்சம் கனத்துக்கு ஒரு கல், சென்டிமீட்டர் குறித்த கயிறு, இவை போதும். ஒரே இடம், ஒரே நேரம், வாரம் ஒரு முறை. பள்ளித் தேசியப் பசுமைப் படை மாணவர்களுக்கு இது நல்ல வேலை, ஆனால் ஆசிரியர் கூட இருக்க வேண்டும். வெள்ளம் ஓடும் ஆற்றில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம், படமே போதும்.

தண்ணீரைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்து அலுவலகத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். ஆர்வம் புரிகிறது, ஆனால் அது சாட்சியாகாது. ஒரு ஆலையோ பண்ணையோ விடும் கழிவுநீரை வைத்துச் சட்ட நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றால், 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி வாரிய அதிகாரி வந்து, அந்த இடத்துக்காரருக்குத் தெரிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்க வேண்டும். இந்த முறை தவறினால் வழக்கு நிற்காது. தண்ணீரைச் சாட்சியாக்குவது அதிகாரியின் வேலை. தண்ணீர் ஓடி மறைவதற்குள் அதிகாரியை அங்கே வரவைப்பது உங்கள் படத்தின் வேலை.

யாரிடம் சொல்வது?

ஆலைக் கழிவு, இறால் பண்ணைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். வாரியத்தின் இணையதளத்திலும் புகார் பதியலாம். கடலோர இறால் பண்ணைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். சாக்கடை, குப்பை, கோழிக்கழிவு என்றால் அந்தந்த ஊராட்சி, அறந்தாங்கி நகராட்சி, புதுக்கோட்டை மாநகராட்சி. கரை உடைப்பு, ஆக்கிரமிப்பு என்றால் நீர்வளத்துறையும் வருவாய்த் துறையும். கடல் பசுவோ ஆமையோ வலையில் சிக்கினாலோ கரை ஒதுங்கினாலோ வனத்துறை.

இதெல்லாம் நினைவில் நிற்காது என்றால் 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துறைக்கு உரியதோ அங்கே அனுப்பிவிடுவார்கள். மனு எண் கிடைக்கும். அதை எழுதி வையுங்கள், அதை வைத்துத்தான் பின்னால் நிலவரம் கேட்க முடியும். புகாரில் "ஆறு நாறுகிறது" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. தேதி, நேரம், பாலத்தின் பெயர், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நுரையா நிறமா வாடையா. நாலு வரி போதும்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரையோ கிணற்று நீரையோ சோதிக்க வேண்டுமானால் அது வேறு வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்கே ஆற்றுக் கழிவு பற்றிப் புகார் சொல்லி அலையாதீர்கள்.

பழைய நீர்த்தர அறிக்கைகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய இடத்தின் விவரம் அதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஆன்லைனிலேயே கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். "எல்லா விவரமும் தருக" என்று கேட்காமல், "இந்தப் பாலத்தில், இந்த ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுத்த மாதிரிகளின் தேதியும் கலங்கல் அளவும்" என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

கண்மாய் ஒரு வடிகட்டி

புகார் சொல்வதோடு முடிகிற விஷயமாக இதை எழுத எனக்கு மனமில்லை. ஏனென்றால் சேற்றை நிறுத்தும் ஏற்பாடு இந்த மாவட்டத்தில் பல நூறு ஆண்டுகளாகவே இருக்கிறது. புதுக்கோட்டை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களின் மாவட்டம். ஒரு கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பி அதற்கடுத்தது. ஒவ்வொரு கண்மாயிலும் தண்ணீர் வேகம் குறைந்து நிற்கும்போது வண்டல் அடியில் படிகிறது. தெளிந்த தண்ணீர் மேலே வழிந்து போகிறது. பாசனத்துக்காக வெட்டியதுதான். ஆனால் கடலுக்கு அது வடிகட்டியாகவும் வேலை செய்கிறது.

கண்மாய் மண் மேவிப்போனால் இந்த வேலை நின்றுவிடும். தண்ணீர் நிற்க இடமில்லை. வந்த வேகத்தில், வந்த சேற்றோடு அப்படியே போகும். ஆகவே கண்மாயில் வண்டல் எடுப்பது விவசாயிக்கு உரம், கடல் புல்லுக்கு வெளிச்சம். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் கண்மாய் வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. முன்பு போல மாவட்டத் தலைநகருக்கு நடக்க வேண்டாம். இ-சேவை இணையதளத்தில் செல்போனிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அனுமதித்த இடத்தில், அனுமதித்த அளவு மட்டும் எடுக்க வேண்டும். கரையடியில் பள்ளம் பறித்தால் கரை பலவீனமாகி, அடுத்த மழையில் உடைந்து, நிறுத்த நினைத்த சேறு மொத்தமாகக் கிளம்பும்.

கரையோர ஊராட்சிகளுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-பி பிரிவு, பாதுகாப்பகத்துக்கு ஒரு நிர்வாகக் குழு வேண்டும் என்கிறது. அதில் வனத்துறை இருக்கும், சரி. எல்லைக்குள் வரும் ஒவ்வொரு கிராம ஊராட்சியின் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. வேளாண்மைத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும்கூட இடம் உண்டு. கடல் பாதுகாப்பகக் குழுவில் வேளாண்மைத் துறை எதற்கு என்று முதலில் படித்தபோது விசித்திரமாகத்தான் தோன்றியது. உரம் எங்கிருந்து வருகிறது, மண் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் விசித்திரமே இல்லை. உங்கள் ஊராட்சிப் பிரதிநிதி அந்தக் குழுவில் ஆற்றுத் தண்ணீரைப் பற்றி என்ன பேச வேண்டும் என்பதைக் கிராம சபையில் நீங்கள் சொல்லலாம், தீர்மானமாகவும் போடலாம்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கண்மாய் காய்ந்திருக்கும், தூர் வாருவதைப் பற்றிப் பேசச் சரியான நேரம். நவம்பர் 1 உள்ளாட்சி தினம். பருவமழை தொடங்கிய சூடு, புதுவெள்ளம் வரலாம், அல்லது வந்து போயிருக்கலாம். அன்றைக்குப் போனில் உள்ள படங்களைத் தேதியோடு காட்டுங்கள். மேட்டு ஊராட்சிக்காரர்கள் தங்கள் கலிங்கின் படத்தையும், மணமேல்குடிப் பக்கத்துக்காரர்கள் முகத்துவாரத்தின் படத்தையும் ஒரே வாரத்தில் எடுத்து வைத்தால், சேறு எந்த ஊரில் ஏறி எந்த நாளில் கடலுக்குப் போனது என்பது அந்த இரண்டு படங்களிலேயே தெரிந்துவிடும்.